கட்டி முடித்ததும் விலகிவிடும் புரதங்கள்

கேள்வி: என் உறவினரின் குழந்தைக்கு, மூளையைப் பாதிக்கும் மரபணு நோயான லீ நோய்க்குறி இருப்பது தெரியவந்துள்ளது. சர்ஃப்-1 என்ற புரதத்தில் பழுது என்றும், அதனால் ஆற்றல் தரும் நொதி ஒன்று குறைந்துவிட்டது என்றும், ஆனால் சர்ஃப்-1 அந்த நொதியின் உறுப்பு அல்ல என்றும் மருத்துவர் கூறினார். நொதியில் இல்லாத புரதம் பழுதானால் நொதி ஏன் குறைய வேண்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

பதில்: கான்கிரீட் தளம் போடும்போது அடியில் நிற்கும் சென்டரிங் பலகைகளையும் முட்டுகளையும், குடிபுகுந்த வீட்டில் தேடினால் காண முடியாது. அவை இல்லாமல் தளம் நின்றிருக்காது. சர்ஃப்-1 அந்த இனத்தைச் சேர்ந்தது. பாடநூல் படங்கள் முடிந்த நொதியை மட்டுமே காட்டுவதால் இத்தகைய துணைப் புரதங்கள் நம் கண்ணில் படுவதில்லை.

இங்கே பேசப்படும் நொதி, மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருந்துகொண்டு, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனை நீராக மாற்றும் நான்காம் கூட்டுநொதி; அதாவது, ஆற்றல் தரும் நொதித் தொடரில் நான்காவதாக எண்ணப்படும், பல புரதங்கள் சேர்ந்த நொதி. அதன் 14 உறுப்புப் புரதங்களில் மூன்றுக்கான மரபணுக்கள் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.விலும், ஏனையவற்றுக்கானவை உட்கருவிலும் உள்ளன. ஆகவே, வெளியில் தயாராகிச் சவ்வுகளைக் கடந்து வரும் புரதங்களும் உள்ளேயே உருவாகும் புரதங்களும் வரிசை தவறாமல் இணைய வேண்டும். சர்ஃப்-1 இல்லாதபோது, முதல் உறுப்பும் அதனுடன் சேர்ந்த ஓரிரு புரதங்களும் அரைகுறையாகத் தேங்கிவிட, இரண்டாம் உறுப்பு வந்து சேரும் கட்டம் தடைபடுகிறது. ஓரளவு நொதி உருவாகத்தான் செய்கிறது. ஆனால் வளரும் மூளைக்கு அது போதுவதில்லை.

இந்த நொதி இயங்கத் தேவையான தாமிரத்தைப் பொருத்துவது இன்னும் நுட்பமான வேலை. தாமிர அயனி தனியே அலைந்தால் செல்லுக்குத் தீங்கு என்பதால், காக்ஸ்-17 என்ற துணைப் புரதம் அதனை ஏந்தி வந்து ஸ்கோ-1, ஸ்கோ-2 ஆகிய வேறு துணைப் புரதங்களிடம் கைமாற்ற, அவை இரண்டாம் உறுப்பில் அதனைப் பதிக்கின்றன. ஸ்கோ-2 பழுதானால், பச்சிளம் பருவத்திலேயே இதயத் தசை தடித்துப் பாதிக்கப்படுகிறது.

அதே தொடரில் 45 உறுப்புகள் கொண்ட முதலாம் கூட்டுநொதியில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே ஒரு துணைப் புரதம், கடைசியில் வந்து சேரவேண்டிய உறுப்பின் சாயலிலேயே அமைந்து, அதன் இடத்தை அதுவரை பிடித்து வைத்திருந்து, உரியது வந்ததும் விலகிக்கொள்கிறது.

அதே முதலாம் கூட்டுநொதியைக் கட்ட உதவும் ஏகேட்-9 என்ற புரதம் பழுதானவர்களில் சிலருக்கு ரிபோஃப்ளேவின், அதாவது பி-2 வைட்டமின், பலன் தந்துள்ளது. அந்த வைட்டமினிலிருந்து உருவாகும் துணைப்பொருளை ஏற்கும் இயல்பு அப்புரதத்துக்கு உண்டு. சர்ஃப்-1 அவ்வகைப் புரதம் அல்ல என்பதால், அந்த மாத்திரையைக் கேள்விப்பட்டு உங்கள் உறவினர் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.