படலையில் ஒரு பை தேசிக்காய்

வணக்கம் ஐயா,

நான் கோண்டாவிலைச் சேர்ந்தவள். மெல்பேர்ணுக்கு வந்து மூன்று வருடம். தாதியர் படிப்பு முடியப்போகிறது. உங்கள் நோர்வேக் கட்டுரைகளை இரவு வேலையின் இடைவேளைகளில் வாசிப்பேன். அதில் வரும் குளிரை வாசித்துவிட்டு இங்கத்தைய குளிரைப் பற்றி முறைப்பட வெட்கமாக இருக்கிறது.

வந்த புதிதில் ஒரு இரவு பஸ்ஸில் ஏறி மைக்கி கார்டைத் தட்டினால் காசு இல்லை என்று சத்தம் போட்டது. இறங்கத் திரும்பினேன். சாரதி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. 'போய் இரு' என்று கையைக் காட்டிவிட்டு பஸ்ஸை எடுத்துவிட்டார். எங்கள் தெருவில் ஒரு கிரேக்கக் கிழவி இருக்கிறா. மரத்தில் காய் கூடினால் பையில் தேசிக்காய் போட்டுப் படலையில் கொழுவிவிடுவா, விரும்பியவர்கள் எடுக்கலாம். போன வருடம் காய்ச்சலில் மூன்று நாள் நான் வெளியே வரவில்லை. நாலாம் நாள் கதவைத் திறந்தால் பை என் கதவுப் பிடியில் தொங்குகிறது. அவவின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

போன ஆவணியில் ஊருக்கு வந்தேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இரண்டு பெரிய பெட்டிகளோடு தடுமாறினேன். சுற்றிவர எத்தனையோ பேர், ஒருவரும் அசையவில்லை. ஒரு அம்மா மட்டும் கிட்ட வந்து, "பிள்ளை எந்த இடம்?" என்று கேட்டா. சொன்னேன். "ஆற்றை மகள்?" அதையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பெட்டியில் கை வைத்தா.

எங்கட ஆட்கள் மட்டும் ஏன் ஐயா இப்படி? இன்னொன்றும் கேட்க வேண்டும். பெயர் தெரியாதவர்களின் நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பது?

வி., மெல்பேர்ண்

அன்புள்ள வி.,

முதலில் அந்த பஸ் நிலையத்து அம்மாவுக்காக ஒரு சொல். அவ உதவி செய்தா அல்லவா? உங்கள் கடிதத்தில் மூன்று பேர் உங்களுக்கு உதவுகிறார்கள். இரண்டு பேருக்கு நன்றி, ஒருவர் மேல் முறைப்பாடு. நானும் கனகாலம் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தேன். இப்போது அந்தக் கணக்கில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் உங்கள் முறைப்பாடு பிழை என்றும் சொல்ல மாட்டேன். எழுதிப் பார்ப்போம்.

1987 கார்த்திகையில் நான் போய் இறங்கியது நோர்வேயின் வடக்கு அந்தத்தில், பின்மார்க் மாகாணத்தில், பேரன்ட்ஸ் கடலோரத்து மீன்பிடி ஊர் ஒன்றில். வட அகலாங்கு 70 பாகை. நோர்வே என்ற பெயர் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. குருநகரில் இருந்து 1956இல் அங்கே போன அந்தோனி இராஜேந்திரம், அந்த நாட்டு உதவியோடு காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் வரக் காரணமாக இருந்தவர். சீநோர் என்ற அந்த நிறுவனத்தின் பெயர் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த நாட்டில் அப்படி ஒரு இருட்டு இருக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கார்த்திகை மாதத்தில் மறைகிற சூரியன் தை பிறந்து சில நாள் கழித்துத்தான் மலைக்கு மேல் எட்டிப் பார்க்கும். முதல் பொங்கலைச் சூரியன் இல்லாமலே பொங்கினோம். ஐந்து பெடியள், ஒரு அலுமினியச் சட்டி, மின்சார அடுப்பு. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று ஒரு வாக்குவாதம் வேறு.

வேலை மீன் தொழிற்சாலையில். தொர்ஸ்க் மீனைச் சதையாகக் கழற்றி முள் எடுக்கிற மேசை. கம்பளிக் கையுறை, அதற்கு மேல் ரப்பர் கையுறை, அப்படியும் பத்து மணித் தேத்தண்ணிக்குள் விரல் விறைத்துவிடும். போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு.

ஒரு சனிக்கிழமை கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறேன். வாசலில் நின்ற கிழவி ஒருவர் என் ஜாக்கெட்டைப் பிடித்து நிறுத்தி ஏதோ சொன்னா. விளங்கவில்லை. ஆறுதலாகத் திரும்பவும் சொன்னா. ஒரு சொல் மட்டும் பிடிபட்டது: பில். சரி, களவெடுத்தேன் என்று நினைத்துவிட்டா போல, பில்லைக் காட்டச் சொல்கிறா என்று நினைத்து, நெஞ்சு இடிக்க, பொக்கற்றில் இருந்து கடைச் சிட்டையை எடுத்து நீட்டினேன். அவ அதை வாங்கிக் கண்ணாடியைப் போட்டு, பாண், முட்டை, உருளைக்கிழங்கு என்று ஒவ்வொரு வரியாக வாசித்தா. தலையை ஆட்டிவிட்டுத் திருப்பித் தந்தா. பிறகு தன் கைப்பையைக் கிளறி, நூலில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் வில்லையை எடுத்து, குனிந்து, என் ஜாக்கெட்டின் ஓரத்தில் ஊசியால் குத்திவிட்டா. முதுகில் இரண்டு தட்டு. போய்விட்டா.

நோர்வே மொழியில் பில் என்றால் கார். கறுப்பு ஜாக்கெட், கறுப்பு ஆள், இருட்டு ரோட்டு. கார் ஓட்டி வருகிறவனுக்கு இந்தப் பெடியன் தெரியமாட்டான் என்பதுதான் அவவின் கவலை. அது எனக்கு விளங்க இரண்டு கிழமை எடுத்தது. அதுவரை அதை ஏதோ நத்தார் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அறை நண்பன் முன்னால் நடந்து போகிறான், பின்னால் ஒரு கார் வந்தது. ஆளைக் காணவில்லை. கார் வெளிச்சம் வில்லையில் பட்டு, அவன் தொடையளவு உயரத்தில் ஒரு வெள்ளி மட்டும் எரிந்துகொண்டு நடந்து போனது.

அதே மாரியில்தான் கையுறை ஒன்றைத் தொலைத்தேன். அம்மா பின்னித் தந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை, கடையில் வாங்கியதுதான். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பார்த்தால் வேலிக் கட்டையின் தலையில் அதை யாரோ செருகிவிட்டிருக்கிறார்கள், ஐந்து விரலும் மேலே நிற்க. பனி மூடிவிடக் கூடாது, தேடி வருகிறவன் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். அந்த நாட்டில் எல்லாரும் செய்கிற வேலை அது. எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது, தொலைத்தவர் யார் என்று அவருக்கும் தெரியாது.

இதை வைத்து வெள்ளைக்காரர் எல்லாரும் தங்கம் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். அதே ஊரில், அறை வாடகைக்கு உண்டு என்று எழுதி ஒட்டிவிட்டு, கதவைத் திறந்து என் முகத்தைக் கண்டதும் கொடுத்தாயிற்று என்றவரும் இருந்தார். தாள் பிறகும் இரண்டு மாதம் ஒட்டியபடியே இருந்தது. வேலைக்குப் போக அந்த வழிதான், ஒவ்வொரு நாளும் வாசிப்பேன்.

என் ஊகம், இதில் மனத்தைவிடக் காலநிலைக்குப் பங்கு அதிகம். உறைபனியில் ஒருவனை ரோட்டில் விட்டுவிட்டுப் போனால் அவன் செத்துப்போவான். அதனால் யார், எவர் என்று விசாரிக்க நேரம் இல்லை. கடலும் அப்படித்தான். 1986 ஆவணியில் எங்கள் சனம் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக்கு வெளியே அத்திலாந்திக்கில் மிதந்தார்களே, நீங்கள் பிறக்காத காலம், வீட்டில் சொல்லியிருப்பார்கள். கண்டு தூக்கியவர்கள் கனடா மீனவர்கள். முதலில் கண்ட படகோட்டியின் பெயர் கஸ் டால்ட்டன். வானொலியில் மற்றப் படகுகளையும் கூப்பிட்டு எல்லாரையும் ஏற்றினார்கள். வந்தவர்கள் இந்தியாவில் இருந்து வருகிறோம் என்று முதலில் சொன்னதும், உண்மையில் ஜெர்மனியில் இருந்து கப்பல் ஏறியவர்கள் என்று பிறகு தெரியவந்ததும், அதற்காகக் கனடாவில் பத்திரிகைகள் குதித்ததும் எல்லாம் கரை ஏறிய பிறகு. குருநகரானும் மயிலிட்டியானும் அந்த இடத்தில் நின்றிருந்தால் அதையே செய்திருப்பார்கள். கடலில் கிடப்பவனை ஏற்றிவிட்டுத்தான் பேச்சு.

எங்கள் தரையில்தான் சிக்கல். எங்களுக்கு உறைபனி இல்லை, அவசரமும் இல்லை, விசாரிக்க வேண்டிய அளவு நேரம் இருக்கிறது.

ஒரு காலத்தில் நாங்களும் முகம் தெரியாதவனுக்குச் செய்து வைத்தோம். பருத்தித்துறையில் தும்பளைப் பக்கம் போகிற ரோட்டில் தெருமூடிமடம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். வீதியே மடத்துக்கு ஊடாகப் போகும், இரண்டு பக்கமும் திண்ணை, மேலே கூரை. வெயிலில் வந்தவன் படுத்து எழும்பலாம். சுமைதாங்கிக் கல்லும் அப்படித்தான். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தி, ஆள் உயரத்துக்குக் கட்டியிருப்பார்கள். தலைச்சுமையோடு தனியே வருகிறவனுக்குச் சுமையை இறக்க ஒரு ஆள் வேண்டும், திரும்பத் தூக்கிவிடவும் ஆள் வேண்டும். அந்த ஆளின் வேலையை அந்தக் கல் செய்யும். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக அதைக் கட்டுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன சுமை என்று கருத்து. நோர்வேயில் கையுறையைச் செருகியிருந்த அந்த வேலிக் கட்டையை நினைத்தால் எனக்கு இந்தக் கல்தான் ஞாபகம் வரும்.

அதே யாழ்ப்பாணத்தில்தான் 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் சாதி சொல்லி ஆட்களை மறித்துக்கொண்டு நின்றார்கள். அதே காலத்தில் தேத்தண்ணிக் கடைகளில் சிலருக்குக் கதிரை இல்லை, தனிப் பேணி. "எந்த இடம்?" என்பது ஊர்ப் பெயரை மட்டும் கேட்கிற கேள்வி இல்லை என்று உங்களுக்கும் தெரியும், அதனால்தான் அது உங்களுக்குச் சுட்டிருக்கிறது.

அம்மா சொன்ன ஒன்றைச் சொல்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தது. அம்மாவும் சின்னம்மாவும் அந்தச் சனத்துக்குள். நான் ஒஸ்லோவில் டெலிபோனுக்குப் பக்கத்தில். கொடிகாமம் தாண்டி ஒரு வீட்டு விறாந்தையில் இடம் கிடைத்தது. எட்டுக் குடும்பம். வீட்டுக்காரி விதைக்க வைத்த நெல்லைக் குத்தி முதல் நாள் கஞ்சி வைத்தாவாம், தன் பிள்ளைகளுக்குக் கடைசியில்தான் ஊற்றினாவாம். ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், மழை விட்டு, எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சு வந்த பிறகு, ஒவ்வொருவராக எந்த இடம் என்று கேட்டா. நாலாம் நாள் கிணற்றுக் கட்டில் இரண்டாவதாக ஒரு வாளி இருந்தது. ஒரு குடும்பம் மட்டும் பேசாமல் அந்த வாளியை எடுத்தது. "அவ தந்த கஞ்சியைக் குடிச்சுக்கொண்டு நான் என்னத்தைக் கதைக்க?" என்று 2003இல் நான் ஊருக்கு வந்தபோது அம்மா கேட்டா. அந்த வீட்டுக்காரியைச் சாகும்வரை தெய்வம் என்றுதான் சொன்னா. வாளியையும் மறக்கவில்லை. இரண்டையும் சேர்த்தேதான் சொல்லுவா.

சரி, அம்மாவைச் சொல்லிவிட்டு நான் தப்பக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன், நீங்கள் நின்ற அதே பஸ் நிலையம், விடியக்காலை. கொழும்பில் இருந்து வருகிற ஒருவரைக் கூட்டிப்போக நிற்கிறேன். ஒரு பெடியன், பதினெட்டுப் பத்தொன்பது வயது, கையில் சாப்பாட்டுப் பாத்திரம் வைத்த பை. பெரியாஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று கேட்டான். நடந்தால் பத்து நிமிடம்கூட இல்லை. கையை நீட்டினால் போதும். என் வாயில் முதலில் வந்தது, "தம்பி எந்த இடம்?" இருபத்தெட்டு வருடம் நோர்வேயில் இருந்தவன் நான்! பண்டாரவளை என்றான், மலையகம். சொல்லும்போது அவன் பார்வை என்னை விட்டுப் பக்கத்தில் நின்ற ஓட்டோவுக்குப் போய்விட்டது. நான் வழியைச் சொன்னேன், கூடவே கொஞ்சத் தூரம் நடந்தும் போனேன். நன்றி ஐயா என்றான். அந்தப் பார்வை திரும்பி வரவில்லை.

அந்த பஸ் நிலையத்து அம்மாவிடம் இப்போது வருகிறேன். அவ கேட்டது எந்த அர்த்தத்தில் என்று எனக்குத் தெரியாது. உறவு முறை தேடுவதும் அந்தக் கேள்விதான், தள்ளி வைப்பதும் அந்தக் கேள்விதான். கேட்கிறவருக்கே சில வேளை தெரியாது. ஆனால் நீங்கள் கோண்டாவில் என்று சொல்லக்கூடியவர், ஆற்றை மகள் என்றும் சொல்லக்கூடியவர். பெட்டி தூக்கப்பட்டுவிட்டது. பண்டாரவளைப் பெடியன் நின்ற இடத்தில் நின்று நீங்கள் முறைப்பட்டிருந்தால் நான் இவ்வளவு வாதாடியிருக்க மாட்டேன்.

நன்றிக்கடன் பற்றிக் கேட்டீர்கள். நான் ஒரு தரம் தீர்க்கப் போய் அசடு வழிந்தேன். 1994இல் ஒஸ்லோவுக்கு மாற முதல், பருப்பு வடை பொரித்து எடுத்துக்கொண்டு அந்தக் கிழவி வீட்டைத் தேடிப் போனேன். ஏழு வருடத்தில் மொழி ஓரளவு வந்திருந்தது. கடை வாசல், பில், சிட்டை எல்லாம் சொன்னேன். அவவுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. நடையில் ஆணியில் அதே வில்லைகள் ஒரு கொத்துத் தொங்கின. வங்கிகளும் காப்புறுதிக் கொம்பனிகளும் விளம்பரத்துக்குச் சும்மா கொடுப்பவை. கண்ணில் படுகிறவனுக்கு எல்லாம் குத்திவிடுகிறவ. எனக்கு லேசான ஏமாற்றம்கூட. வடையில் ஒரு கடி கடித்தா, செத்தல் மிளகாய் தொண்டையில் பிடித்து, கண் கலங்கி, ஒரு கிளாஸ் பாலைக் குடித்தா. மூச்சு வந்ததும் கேட்டா, "நீ எந்த நாட்டுக்காரன்?" அன்றைக்குத்தான் முதல் தரம் கேட்டா. கோபமும் வரவில்லை, சொல்லிக்கொண்டே இன்னொரு வடையை அவ தட்டில் வைத்துவிட்டேன்.

ஆகவே கிரேக்கத்து ஆச்சியின் பெயரைக் கேட்க விருப்பம் என்றால் கேளுங்கள், அதற்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்கத் தேவையில்லை. தேசிக்காய் அவ்வளவு கிடைக்கிறது என்றால் ஊறுகாய் போடலாமே. நாலாகப் பிளந்து உப்பு அடைத்து, உங்கள் ஊர் வெயில் கிடைக்கிற தை, மாசியில் காயவையுங்கள். அங்கத்தைய காய்க்குத் தோல் தடிப்பு, எங்கள் காயைவிட இரண்டு கிழமை கூட எடுக்கும். ஆச்சிக்கு ஒரு போத்தல் கொடுப்பதாக இருந்தால் தூளைக் குறையுங்கள். பக்கத்தில் பால் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.