லென்ஸில் படலமா? லேசருக்கு முன் ஒரு கேள்வி

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. இரண்டு வருடம் முன்பு புரை எடுத்து லென்ஸ் வைத்தோம். இப்போது மறுபடி மங்கல். "படலம் வந்திருக்கிறது, லேசர் செய்யலாம்" என்கிறார்கள். லென்ஸ் கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் மங்குவது லென்ஸ் அல்ல, அதைத் தாங்கும் பை. புரையை எடுக்கும்போது இயற்கை லென்ஸின் உறையை (அதுதான் அந்தப் பை) விட்டுவைத்து, அதற்குள்தான் புது லென்ஸைச் செருகுகிறோம். உறையின் ஓரத்துச் செல்களை முழுக்கத் துடைத்தெடுக்க முடியாது. அவை பெருகி லென்ஸின் பின்பக்கம் ஊர்ந்து வந்துவிடும். லென்ஸ் விளிம்பைக் கூராகச் செய்வது இதைத் தடுக்கத்தான். தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. இதற்குப் பையின் பின்பக்கத்தில் சிறு துளை போடும் யாக் லேசர் போதும். சில நிமிட வேலை, தையல் கிடையாது.

ஆனால் லென்ஸின் மேலேயே படிவதும் உண்டு. விமானிகளின் கண்ணில் தைத்த பெர்ஸ்பெக்ஸ் (விமான ஜன்னலுக்குப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) சில்லுகள் உறுத்தாமல் கிடந்ததைக் கவனித்துத்தான் லண்டனில் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி 1949-இல் அதே பிளாஸ்டிக்கில் முதல் லென்ஸை வைத்தார். உறுத்தவில்லை, சரி, கண் சும்மா இருந்துவிடுவதும் இல்லை. ஆபரேஷனில் ரத்தக்குழாய்கள் கசிந்து, புரதம் லென்ஸில் படிகிறது. அதன்மேல் தற்காப்புச் செல்கள் வந்து ஒட்டி, சில ஒன்றாகிப் பெரிய செல்களாகின்றன. கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சற்று அதிகம். ஆனாலும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தானாகவோ சொட்டு மருந்திலோ அடங்கிவிடும். இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தால் உள்ளே அழற்சி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது மூன்றாவதைப் பற்றி. நீர் கலந்த ஹைட்ரோஃபிலிக் லென்ஸில் புரதம் அவ்வளவாக ஒட்டாது, ஆனால் அரிதாகச் சுண்ணாம்பு படியும். பின்னாளில் விழித்திரை ஆபரேஷனுக்காகக் கண்ணுக்குள் வாயு செலுத்தியிருந்தால் வாய்ப்பு கூடும். இதற்கு லேசர் உதவாது, லென்ஸைத்தான் மாற்ற வேண்டும். தவறுதலாக லேசர் செய்து பையின் பின்பக்கம் திறந்துவிட்டால் அந்த மாற்று ஆபரேஷன் சிக்கலாகிவிடும்.

எனவே ஒப்புக்கொள்ளும் முன் கேளுங்கள்: "மங்கல் லென்ஸிலா, பின்னால் உள்ள பையிலா?" எந்த வகை லென்ஸ் என்று தெரிய, லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய சீட்டையும் எடுத்துப் போங்கள். சர்க்கரை இருப்பதால் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வீக்கம் இருந்தாலும் இதே மங்கல்தான்.

லேசருக்குப் பிறகு சில நாள் புள்ளிகள் மிதக்கும். கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, ஓரத்தில் நிழல் மறைத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.