புகைக்கும் வடிகால் வேண்டும்

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே. சுற்றிலும் வயல், ஃபேக்டரி ஒன்றுகூடக் கிடையாது. அப்படியிருந்தும் தை, மாசியில் விடிகாலை வாசல் தெளிக்க வந்தால் புகை தொண்டையைக் கமறுகிறது, மாமனாருக்கு இழுப்பு வந்துவிடுகிறது. ஆடியில் இந்தத் தொல்லை இல்லையே, ஏன்?

பதில்: ஃபேக்டரி இல்லாவிட்டால் என்ன, நம் ஊரில் புகைக்கா பஞ்சம்? செங்கல் சூளை, அரிசி ஆலை, தெருமுனைக் குப்பை, வெந்நீர் அடுப்பு எல்லாம் இருக்கிறதே. இதில் பாதி ஆடியிலும் உண்டு. ஆனால் அப்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து மேல்காற்று அடித்துக்கொண்டு வரும். அம்மியையே பறக்கவிடும் காற்று புகையையா விட்டுவைக்கும்? (கண்ணில் மண் விழும், அது வேறு கதை.) ஐப்பசி, கார்த்திகையில் மழை கழுவிவிடும்.

தையில் மழை விட்டு வானம் வெளுத்துவிடுகிறது. மேகம் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வேகமாக இழக்கும், அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படுத்துக்கொள்ளும், அதற்கு மேலே இருக்கும் காற்றோ இதைவிடக் கதகதப்பாக இருக்கும். மேலே போகப்போகக் குளிர வேண்டியது தலைகீழாகிவிடுவதால் கீழே கிளம்பும் புகை மேலே ஏற முடியாது, சட்டிக்கு மூடி போட்ட மாதிரிதான். சித்திரை மதியத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலந்து கரைந்துபோகும் அதே புகை, தை விடியலில் நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே அடைந்து கிடக்கும்.

மலை இல்லாத ஊரில் காற்று எப்படித் தேங்கும் என்று கேட்பீர்கள். நம் வயலில் தண்ணீர் வடிய என்ன பாடு படுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள், குளிர்ந்த காற்றும் அப்படித்தான். வழிந்தோடச் சரிவு இல்லாததால் தாழ்ந்த இடத்தில், தோப்புக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவே அப்படியே நிற்கும். பகலில் இதே சமதரைதான் நமக்கு வரம், கடல்காற்று தடையில்லாமல் உள்ளே வரும். ஈர வயலிலிருந்து வரும் பனி வேறு, புகைத் துகள் அந்த ஈரத்தை உறிஞ்சி ஊதிக்கொள்வதால் மூட்டம் இன்னும் கனமாகத் தெரியும்.

சம்பா அறுவடையும் சரியாக இதே நேரத்தில்தான் வருகிறது. பெல்ட் மெஷின் (பெல்ட்டில் ஓடும் அறுவடை மெஷின்) சிதறவிட்டுப் போகும் வைக்கோலையும் தாளையும் சிலர் வேலை முடிந்து சாயங்காலமாகக் கொளுத்துகிறார்கள். மூடி விழத் தொடங்கும் நேரமே அதுதான், பிறகு அந்தப் புகை ராத்திரி முழுக்க உங்கள் தெருவிலேயே தங்கும். அறுப்புக்கு வாரம் பத்து நாள் முன்னாலேயே வயலில் உளுந்தோ பயறோ தெளித்தவர் தீ வைக்க மாட்டார், வைத்தால் அவர் பயிர்தான் போகும். என் ஓட்டு உளுந்துக்கு. மற்றவர்கள் வைக்கோலை மெஷின் வைத்துக் கட்டாகக் கட்டி மாட்டுக்கு விற்கலாம்.

மாமனாரை ஐந்து மணிக்கு நடக்க அனுப்பாதீர்கள். வெயில் ஏறி எட்டரை, ஒன்பது ஆகட்டும், தரை சூடானதும் மூடி கலையும்.

கேள்வி: போனில் பார்த்தால் எங்கள் ஊர்க் காற்று பச்சை, ‘நன்று’ என்கிறதே?

பதில்: பல ஆப்கள் தூரத்து ஊர்க் கருவியையும் செயற்கைக்கோளையும் வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்பவை. தவிர, நம் நாட்டில் நுண்துகளுக்கான (ஆப்பில் PM2.5 என்று இருக்கும்) தரக்குறியீடு 24 மணி நேரச் சராசரி. ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை ஏற்கலாம் என்பது நம் வரம்பு, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. விடிகாலை மூன்று மணி நேரம் மோசமாக இருந்து மற்ற நேரம் கடல்காற்று அடித்தால் சராசரி அழகாகத்தான் வரும். ஆனால் உங்கள் மாமனார் மூச்சு விடுவது அந்த மூன்று மணி நேரத்திலும்தானே.

கேள்வி: ஈரத் துண்டை மூக்கில் கட்டினால் போதுமா?

பதில்: புழுதிக்குப் போதும். புகைத் துகள் 2.5 மைக்ரானுக்கும் சின்னது, துண்டுக்குள் சுலபமாக நுழைந்துவிடும். என்95 மாஸ்க் வாங்குங்கள், மூக்கோரம் இடைவெளி இல்லாமல் அழுத்திப் போடச் சொல்லுங்கள். இழுப்பு இருப்பவர் அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடட்டும்.