எடைக்குப் போட்ட நான்கு நோட்டுகள்

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். தங்கையும் அவள் கணவரும் விபத்தில் இறந்த பின், அவர்களுடைய ஒரே மகளை ஆறு வயதிலிருந்து நானும் என் மனைவியும் வளர்க்கிறோம். இப்போது பி.எஸ்ஸி. விலங்கியல் இறுதி ஆண்டு. பறவைகளைப் பற்றித்தான் மேலே படிப்பேன், பறவை ஆய்வாளர் சலீம் அலியைப் போல வருவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். அதில் வருமானம் ஏது? ஆவணியில் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, எந்தத் தேதியில் எந்தக் குருவி வந்தது என்று அவள் நான்கு வருடமாக எழுதி வைத்திருந்த பழைய நோட்டுகளைப் பேப்பர்காரரிடம் போட்டதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அவ்வளவு பிடிவாதம். அவள் மனதை எப்படி மாற்றுவது?

பதில்: ஐயா, மகளுடைய படிப்பைப் பற்றியும் மருமகளுடைய வேலையைப் பற்றியும் இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. ‘கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்ற பதிலை நான் உங்களுக்கு எழுதப் போவதில்லை. அவளுடைய பிடிவாதத்துக்கு உதாரணமாக நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த நோட்டு விஷயத்தைத்தான் முதலில் பேச வேண்டும்.

நான்கு வருடம் ஒரு பெண் நாள் தவறாமல் எழுதியதைப் பழைய காகிதம் என்று தீர்மானித்தது யார்? அவளைக் கேட்டீர்களா? உங்கள் கடையின் நான்கு வருடப் பேரேட்டை யாராவது உங்களைக் கேட்காமல் எடைக்குப் போட்டிருந்தால் உங்களுக்கு அன்று சோறு இறங்கியிருக்குமா? ஐப்பசி மழைக்குப் பின் ஏரிக்கு முதல் வாத்துக் கூட்டம் எந்த நாளில் இறங்கியது, சென்ற ஆண்டைவிட முந்தியா பிந்தியா, எத்தனை இருந்தன என்ற விவரம் அந்தந்த நாளில் கண்ட ஒருவர் எழுதி வைத்தால் மட்டுமே உலகத்தில் இருக்கும். தொலைந்தால் அதை வேறு எங்கும் போய் வாங்க முடியாது. அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது துக்கம். அதைப் பிடிவாதம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சலீம் அலியின் பெயரை நீங்களே எடுத்தீர்கள். 1896-இல் பம்பாயில் பிறந்த அவருக்கு ஒரு வயதில் தந்தை போனார், மூன்று வயதில் தாய் போனார். அவரை வளர்த்ததும் ஒரு தாய்மாமன்தான். அமீருத்தீன் தயப்ஜி என்ற அந்த மனிதருக்கு வேட்டையில் பழக்கம் உண்டு. பையன் ஏர்கன்னால் சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. வழக்கமான ஊர்க்குருவியாகத் தெரியவில்லை. இது என்ன பறவை என்று மாமாவிடம் கொண்டுபோனான். அவருக்கும் தெரியவில்லை. தெரியாததை மறைத்துப் பையனை விரட்டாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அது 1908-ஆம் ஆண்டு வாக்கில் நடந்தது. மில்லார்ட் அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிற்கவில்லை. பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைக் காட்டினார், படிக்கப் புத்தகம் கொடுத்தார், பறவைகளைப் பதப்படுத்தும் முறையைக் கற்றுத்தரவும் முன்வந்தார். ஒரு மாமன் எழுதிய நாலு வரிக் கடிதத்திலிருந்து ஒரு வாழ்க்கை தொடங்கியது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1906-07-இல், பத்து வயதை ஒட்டிய அந்தப் பையன் ஒரு குறிப்பு எழுதினான். பொந்தில் அடைகாக்கும் பெட்டைக்குக் காவலாக வெளியே உட்கார்ந்திருந்த ஆண் சிட்டைச் சுட்டதும், அந்த இடத்தில் வேறோர் ஆண் வந்து உட்கார்ந்தது. ஏழு நாட்களில் எட்டு ஆண்களைச் சுட்ட பின்பும் அப்படியே நடந்தது என்பது அதன் சாரம். சுட்டதை நான் மெச்சவில்லை. ஆனால் அந்தக் குறிப்பு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து, ஒரு சொல்லும் மாறாமல், பறவை ஆர்வலர்களுக்கான இதழில் அச்சாயிற்று. அதை அந்த வீட்டில் யாரும் எடைக்குப் போட்டுவிடவில்லை.

இனி வருமானம். நீங்கள் பயப்படுவது வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். சலீம் அலி குடும்பத் தொழிலுக்காகப் பர்மாவுக்குப் போனார், அது நொடித்தது. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் மாதம் 350 ரூபாய்க்கு விளக்க உரையாளர் வேலை கிடைத்தது. விடுப்பெடுத்து பெர்லினுக்குப் போய்ப் பறவையியல் பேரறிஞர் ஸ்ட்ரெசெமானிடம் பயின்று 1930-இல் திரும்பி வந்தால், நிதி இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். வேலையில்லாமல் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோன இடத்தில்தான் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னி நிறுத்துகிறது. பெட்டை உள்ளே புகுந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதி பின்னப்படுகிறது. பெட்டை முட்டையிட்டு அமர்ந்ததும் ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுகிறது. கூடு கூடாக நாள்தோறும் குறித்துவைக்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதன் பின் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில், செலவை மட்டும் கொடுங்கள், சம்பளம் வேண்டாம் என்று சொல்லிப் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். அமெரிக்கப் பறவையியலாளர் டில்லான் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிப் பறவைக் கையேடு 1968-இல் தொடங்கி 1974-இல் முடிந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

இவ்வளவும் தனி மனிதனால் நடந்ததாக உங்கள் மருமகள் நினைத்தால் அவளும் தெரிந்துகொள்ளட்டும். மனைவி தெஹ்மினா அவரோடு முகாம்களுக்குப் போனார். இங்கிலாந்தில் படித்த அவர் கணவருடைய ஆங்கில நடையையும் திருத்தினார். 1939-இல் தெஹ்மினா இறந்ததும், உடைந்துபோன தம்பியை அக்கா காமூவும் அத்தான் ஹசன் அலியும் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். குடும்பம் தாங்கியதால்தான் அவர் நின்றார். ‘என்ன பலன்’ என்று கணக்குக் கேட்டு அவர்கள் செய்யவில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்ப்பவருக்குப் பெற்றவர்களைவிடக் கடமை கூடுதல். சோறு போட்டதற்கு ஈடாகக் கீழ்ப்படிதலைக் கேட்கும் உரிமை மட்டும் அவருக்குக் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

அவளுக்கும் கடமை உண்டு. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் சலீம் அலிக்கே வேலை கிடைக்காமல் போயிற்று. ஆகவே ஆசை இருக்கிறது என்று பேசிக்கொண்டிருக்காமல் அவள் பட்டத்தை முறையாக வாங்க வேண்டும். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் வன உயிரியல் முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதற்கு மேல் ஆராய்ச்சி செய்யக் கோவை ஆனைக்கட்டியில் சலீம் அலி பெயரிலேயே ஒரு மையம் 1990-இலிருந்து நடக்கிறது. உங்கள் மாவட்டத்துக் கோடியக்கரையில்தான் பம்பாய்க் கழகம் பல ஆண்டுகள் வலசைப் பறவைகளின் கால்களில் அடையாள வளையமிட்டு ஆராய்ந்தது. இவையெல்லாம் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ச் சேரக்கூடிய இடங்கள். படிக்கும்போதே கட்டணத்தில் ஒரு பங்கையாவது டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கச் சொல்லுங்கள், அது நியாயம்.

அதற்கு முன், நோட்டுகளைப் போட்டது தவறு என்று அவளிடம் நீங்களே சொல்ல வேண்டும். அத்தையிடம் சொல்லி அனுப்புவது போதாது. ஆவணியில் வரவிருப்பவர்களுக்கு இந்த வாரமே போன் செய்து, பெண்ணைக் கேட்காமல் நாள் கொடுத்துவிட்டேன், இப்போது வர வேண்டாம் என்று தெரிவியுங்கள். வாக்குக் கொடுத்தவர் நீங்கள். அந்தச் சங்கடமும் உங்களுடையதுதான்.