வீட்டில் ஆள் இல்லாத நாட்களில் பூனைக்கு டிரை ஃபுட் போட, எளிமையான, நம்பகமான கருவியை நாமே செய்ய முடியுமா? ஆர்டினோ போதுமா?

முடியும். ஆர்டினோ (நாமே புரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்ன சர்க்யூட் பலகை) வேண்டியதே இல்லை. அவசரத்தில் இருப்பவர்களுக்குச் சாமான் பட்டியல் இது: நிமிடத்துக்கு ஒரே சுற்று சுற்றும் 12 வோல்ட் கியர் மோட்டார், 12 வோல்ட் டிஜிட்டல் டைமர், யுபிஎஸ்ஸில் போடுகிற 7 ஏஹெச் பேட்டரி, கார்ன்ஃப்ளேக்ஸ் டிஸ்பென்சரில் வரும் ரப்பர் சக்கரம், 4 இஞ்ச் பிவிசி பைப். எல்லாம் இரண்டு செட். ஏன் இரண்டு என்பதற்குத்தான் மீதிப் பதில்.

கேட்டவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஞாயிறு ராத்திரி திரும்புகிறவர், வீட்டில் ஒரே ஒரு பூனை என்று எடுத்துக்கொள்கிறேன். கேள்வியில் "எளிமையான" என்பதோடு "நம்பகமான" என்றும் எழுதியிருக்கிறார். அந்த இரண்டாவது வார்த்தைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் ஒருவர் வைஃபை என்கிறார், இன்னொருவர் கேமரா என்கிறார், மூன்றாமவர் பூனையின் முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் வரை போய்விட்டார். கருவி நின்றுபோனால் பூனை என்ன சாப்பிடும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். எங்கள் வேலையில் ஒரு வால்வைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "காத்து நின்னா இது தொறக்குமா, மூடுமா?" என்பதைத்தான். கன்ட்ரோல் வால்வுகள் காற்றழுத்தத்தில் ஓடுபவை. கம்ப்ரஸர் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வால்வை ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடும். நீராவி வால்வு என்றால் மூடிக்கொள்ள வேண்டும், ரியாக்டரைக் குளிர்விக்கும் தண்ணீர் வால்வு என்றால் திறந்துகொள்ள வேண்டும். மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்று சிப்காட் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பூனைக் கருவிக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஒரு வேளை கூடுதலாக விழுந்தால் பூனை கொஞ்சம் அதிகம் தின்னும், மிஞ்சிப் போனால் வாந்தி எடுக்கும். விழாமலே போனால் கதை வேறு. பூனை இரண்டு மூன்று நாள் எதுவும் தின்னாவிட்டால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே ஒரு கருவி படுத்தாலும் பாதிச் சாப்பாடாவது கிடைக்கும்படி வைக்க வேண்டும். காலை 7 மணிக்கு ஒன்று, சாயங்காலம் 7 மணிக்கு மற்றொன்று. பேட்டரி, டைமர், மோட்டார் எல்லாம் தனித்தனி. நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் டிரை ஃபுட் போதும் (பாக்கெட்டின் பின்னால் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). எங்கள் வீட்டு ரப்பர் சக்கரம் ஒரு சுற்றுக்கு 25 கிராம் பக்கம் போடுகிறது. ஆளுக்கு ஒரு சுற்று.

இனி ஹாப்பர், அதாவது உணவை நிரப்பி வைக்கும் தொட்டி. இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். யூடியூபில் காட்டுவதுபோல் கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் கவிழ்த்துச் செய்யாதீர்கள். அதன் கழுத்து உள்ளளவு 22 மி.மீ. இருக்கும். பூனை உணவு ஒரு உருண்டை 8, 10 மி.மீ. மூன்று உருண்டை ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து நின்றுவிட்டால், மேலே ஒரு கிலோ இருந்தாலும் கீழே ஒன்றுகூட இறங்காது. ஃபேக்டரியில் இதை "பிரிட்ஜ் ஆயிடுச்சு" என்போம். பவுடர் ஹாப்பர் இருக்கிற எந்தக் கம்பெனிக்கும் போய்ப் பாருங்கள், கூம்புப் பகுதியில் தகடு முழுக்கச் சொட்டைச் சொட்டையாக இருக்கும். கொட்டாப்புளியால் அடித்து அடித்து வந்த சொட்டை. நீங்கள் ஊரில் இருக்கும்போது உங்கள் பூனைக்காகக் கொட்டாப்புளி எடுக்க ஆள் கிடையாது.

வழி சுலபம். வாய் அகலம் உருண்டையைப்போல் ஐந்தாறு மடங்காவது இருக்க வேண்டும், அதாவது 60 மி.மீ.க்குக் குறையக்கூடாது. கூம்பே வைக்காதீர்கள். 4 இஞ்ச் பைப்பை நேராக நிறுத்தி, அடியில் சக்கரத்தை அதன் கூட்டோடு பொருத்திவிடுங்கள். 40 செ.மீ. உயரப் பைப்பில் ஒரு கிலோவுக்கு மேல் பிடிக்கும், இரண்டு செட்டுக்குத் தாராளம். சக்கரத்தின் இதழ்கள் ரப்பராக இருப்பதுதான் முக்கியம். ஓரத்தில் உருண்டை சிக்கினால் இதழ் வளைந்து விட்டுக்கொடுக்கும். சக்கரத்துக்குப் பதில் சுழன்று தள்ளுகிற திருகுத் தண்டு (ஸ்குரூ) வைத்துச் செய்தால் உருண்டை நசுங்கித் தூளாகும், அந்தத் தூளில் கொழுப்பு இருப்பதால் (பூனை உணவின் மேல் வாசனைக்காகக் கொழுப்பு தெளித்துத்தான் விற்கிறார்கள்) சுவரில் அப்பி இறுகிவிடும்.

இவ்வளவும் எந்த என்ஜினியரிங் காலேஜிலும் சொல்லித்தராத விஷயமில்லை. ஆனால் எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வருகிற பி.இ. தம்பிகள் திரையில் லெவல் சரியாகக் காட்டுகிறதே என்று உட்கார்ந்திருப்பார்கள். ஹாப்பரில் சரக்கு இருக்கிறது, கீழே இறங்கவில்லை என்பது தட்டிப் பார்த்தால்தான் தெரியும். தட்டிப் பார்க்கிற எங்களுக்கு டிப்ளமோ. இருபது வருஷம் கழித்தும் டெக்னீஷியன். நாங்கள் பழக்கிவிட்ட பையன் மூன்றாம் வருஷம் எங்கள் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுகிறான். அந்தத் தம்பிகள் மேல் எனக்குக் கோபமில்லை, மரியாதையாகத்தான் "சார்" என்பார்கள். பதவி உயர்வுக்கான கேடரில் எங்களுக்கு இடமே வைக்காமல் அந்த விதியை எழுதியவர்கள் மேல்தான். சரி, பூனைக்கு வருகிறேன்.

எங்கள் பூனையின் பெயர் அப்பர். 2015 வெள்ளத்தில் குட்டியாக எங்கள் தெருவில் ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் வந்து ஒதுங்கியது. கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் சுவாமிகள் கரையேறியது எங்கள் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம்தான், கரையேறவிட்டகுப்பம் என்றே ஊர் இருக்கிறது. பூனைக்கு அந்தப் பெயரை வைத்தது என் மனைவி. பெண் பூனை என்று பிறகுதான் தெரிந்தது. மாமியார் இன்னும் "அந்தப் பூனை" என்றுதான் சொல்வார்.

2024 நவம்பர் கடைசியில் மச்சான் மகளுக்கு வளைகாப்பு, சென்னையில். புயல் ஆகுமா ஆகாதா என்று அறிவிப்பு மாறி மாறி வந்துகொண்டிருந்த நேரம். அதற்குச் சில மாதம் முன்பு பெங்களூரில் இருக்கும் என் மகன் ஆப்பில் ஓடுகிற ஒரு கருவி வாங்கி அனுப்பியிருந்தான். "அப்பா, இதெல்லாம் இப்ப ரெடிமேடா வருது, ஏன் பைப்பை அறுத்துட்டு இருக்கீங்க?" என்றான். அதையும் வைத்தேன், என் இரண்டு பைப்பையும் சுவரில் மாட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் சாவியும் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல். அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றது. பஸ்ஸிலாவது போகிறேன் என்றால் மச்சான் விடவில்லை. சாவி வைத்திருந்த அக்கா, தெருவில் தண்ணீர் வந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பண்ருட்டிக்குப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. போன் போட்டார், "அண்ணே, மாடி வீடுதானே, பூனை பத்திரமா இருக்கும்" என்றார்.

தெருவில் கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் ராவுட்டர் அணைந்தது. மகன் அனுப்பிய கருவி ஆப்பில் "ஆஃப்லைன்" என்று காட்டியது. என் மனைவி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு, "ஏங்க, உங்க பைப்பு போடுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போடும் என்றேன். டைமர் சும்மா இருக்கும்போது குடிப்பது சில மில்லி ஆம்பியர், மோட்டார் ஓடுவது ஒரு நாளைக்கு ஒரே நிமிடம். 7 ஏஹெச் பேட்டரி இரண்டு வாரத்துக்குக் குறையாமல் தாங்கும், கணக்குப் போட்டுத்தான் வைத்தது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு கடலூரில் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தவர்கள் கரண்டை நம்பி எதையும் செய்ய மாட்டோம். திரும்பி வந்தபோது இரண்டு பைப்பும் நேரம் தவறாமல் போட்டிருந்தன. அப்பர் பீரோ மேல் உட்கார்ந்து எங்களைத் திட்டியது, இறங்கவே இல்லை.

இதைப் படித்துவிட்டு "என் ஆப் கருவி நன்றாகத்தான் ஓடுகிறது" என்று வருகிறவர்களுக்கு: ஓடலாம். நேரத்தைத் தனக்குள்ளேயே பதிந்துகொண்டு, பேட்டரியும் போட வசதி இருந்தால் அது நல்ல கருவிதான். வாங்கியதும் ராவுட்டரையும் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒரு நாள் பாருங்கள். 2016ல் அமெரிக்காவில் பெட்நெட் என்ற கருவிக்குப் பின்னால் இருந்த சர்வர் படுத்து, கையால் சாப்பாடு போடுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. வீட்டில் ஆள் இருந்தால் கருவி எதற்கு?

"பூனையைத் தனியாக விட்டுப் போனாயே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கருவி ஆளுக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. தினம் ஒருவர் எட்டிப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போக வேண்டும், நானும் செய்தேன். அந்த ஒருவர் வர முடியாத நாளுக்குத்தான் பைப். தண்ணீர் மூன்று கிண்ணத்தில், வேறு வேறு இடத்தில் வையுங்கள். ஒன்றை எப்படியும் தட்டிவிடும்.

எங்கள் ஊருக்கே உரிய தொல்லை ஈரக்காற்று. ஐப்பசி கார்த்திகையில் திறந்து வைத்த அப்பளம் மாதிரி டிரை ஃபுட்டும் நமத்துப்போகும். நமத்தது பூஞ்சை பிடிக்கும். மேல் மூடிக்கு ரப்பர் வளையம் வைத்த பைப் மூடி போடுங்கள். சிலிகா ஜெல் வைப்பதானால் மூடியின் உட்புறம் தனிச் சிறு டப்பாவில், பொட்டலம் கிழிந்து உணவில் விழாதபடி. போகும் நாட்களுக்கும் அதற்கு மேல் ஒரு வாரத்துக்கும் மட்டும் நிரப்புங்கள். திரும்பியதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுச் சக்கரத்தை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பழைய கொழுப்பு சிக்கு நாற்றம் அடித்தால் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஒயர் முனைகளில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், கடல்காற்றில் செம்பு பச்சை பிடித்துவிடும்.

எறும்புக்குக் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வையுங்கள். பைப்பைச் சுவரில் மாட்டும்போது குழாய் நுனி கிண்ணத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டால் அதுவே எறும்புக்குப் பாலம். எறும்புச் சாக்பீஸ் மட்டும் கூடவே கூடாது. அதில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்து மனிதனுக்குச் சாதாரணம், பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது.

விழும் குழாய் 45 பாகைச் சரிவில், ஒரு வளைவோடு, பூனையின் கை சக்கரம்வரை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும். அப்பர் தோள்வரை கையை விட்டுத் துழாவிப் பார்த்திருக்கிறது. மெதுவாகச் சுற்றும் மோட்டார் பலமானது, விரல் மாட்டினால் விடாது.

ஆர்டினோவில்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் மூன்றைக் கவனியுங்கள். நேரத்தை மில்லிஸ் (ஆர்டினோ தானே மில்லி விநாடியில் எண்ணுகிற கணக்கு) வைத்து ஓட்டாதீர்கள், 49 நாள் சொச்சத்தில் அது பூஜ்யத்துக்குத் திரும்பும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் வாங்குங்கள், ஆனால் அதன் மலிவான பலகை ஒன்றில் சார்ஜ் ஏற்றும் சர்க்யூட் இருக்கிறது, சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032 காயின் செல்லை அதில் போட்டால் செல் உப்பும். அந்த சர்க்யூட்டில் இருக்கும் டையோடைக் கழற்றிவிடுங்கள். கடைசியாகப் போட்ட வேளையை ஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதிவையுங்கள், இல்லையென்றால் ரீசெட் ஆனதும் ஒரே வேளைக்கு இரண்டு முறை கொட்டும்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, தினமும் ஓடவிட்டு விழுவதைச் சமையலறைத் தராசில் நிறுங்கள். ஒரு நாள் 22, ஒரு நாள் 28 என்று வந்தால் கவலைப்படாதீர்கள், பூனை மாத்திரை தின்னவில்லை. பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டியிருந்தால், நடுவில் ஒரு நாள் அதைப் பிடுங்கிப் போட்டு, பேட்டரியில் மட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

நிமிடத்துக்கு ஒரு சுற்று மோட்டார் கடலூர்க் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினேன், ஆன்லைனிலும் வருகிறது. டைமரில் 7:00க்கு ஆன், 7:01க்கு ஆஃப். சர்க்யூட் படம் அனுப்பச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். டைமருக்கு எப்போதும் பேட்டரி சப்ளை, அதன் ரிலே வழியாக மோட்டாருக்கு ப்ளஸ், நடுவில் 2 ஆம்பியர் ஃபியூஸ், மோட்டாரின் குறுக்கே தலைகீழாக ஒரு 4007 டையோடு. வரைவதற்கு வேறொன்றும் அதில் இல்லை.