சேவல் ஒன்றுக்கு 35 ரூபாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 31. பரம்பரைக் கிறிஸ்தவன். போன மாதம் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு வேட்பாளரை முன்னால் அழைத்துப் பொன்னாடை போர்த்தி, தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கட்ட அவர் ஒரு லட்சம் தந்தார். அடுத்த வாரம் எதிர்க்கட்சி வேட்பாளர் வந்தார். அதே பொன்னாடை, அதே ஜெபம். "உங்க ஓட்டெல்லாம் பாதிரியார் கை காட்டுற பக்கம்தானே" என்று ஆபீசில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டு வாட்ஸாப் குரூப்பில் தினமும் சண்டை. கிறிஸ்தவன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? இன்னொன்று, எங்கள் சபையிலேயே சிலர் சர்டிபிகேட்டில் இந்து, ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர். இவர்களை வைத்துக்கொண்டு நாம் யாரிடம் உண்மையைப் பற்றிப் பேச முடியும்? நான் இந்தச் சபையை விட்டு விலகிவிடலாமா?

பெயர் வேண்டாம்,
மதுரை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் தே. கல்லுப்பட்டி பக்கம், எங்கள் ஊர் வீட்டில் இருந்தேன். அப்பாவின் டிரங்குப் பெட்டியை ரொம்ப நாள் கழித்துத் திறந்திருந்தேன். அதற்குள் இருந்த ஒரு பேரேட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் 'ஒரு லட்சம்' கண்ணில் பட்டது. இல்லையென்றால் தேர்தல் நேரத்தில் இப்படிப்பட்ட கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை நான் சொல்லப்போவதில்லை. வங்கியில் ஊரார் பணத்தை எண்ணுகிற உங்களுக்குச் சொந்த ஓட்டை எங்கே போடுவது என்று தெரியும். வாட்ஸாப் குரூப்பை விட்டு வெளியே வாருங்கள். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவின்படி முறைகேடு. வாக்காளருடைய மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் சேரும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இதை உங்கள் ஆயரிடம் மரியாதையாக ஒரு தடவை சொல்லுங்கள். ஆபீஸ் நண்பர்களிடம் "எல்லாச் சாதிக்காரனும் எல்லா மதத்துக்காரனும் இதைத்தானே செய்கிறான்" என்று மட்டும் திருப்பிச் சொல்லாதீர்கள். அது உண்மைதான், ஆனால் பதில் ஆகாது.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஒரு லட்சம். அதை உங்கள் சபைக் கணக்கில் எந்தத் தலைப்பில் வரவு வைத்தார்கள்? கடிதம் முழுக்கப் பொன்னாடையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ரசீதைப் பற்றி ஒரு வரி இல்லை. வங்கிக்காரருக்கு முதலில் தோன்ற வேண்டிய கேள்வி இது.

கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தன் கடைசி வருஷங்களைக் கழித்தார். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தி, 1929-இல் காந்தியைப் பார்க்கப் போனவர் அப்புறம் பழைய வாழ்க்கைக்குத் திரும்பவே இல்லை. பிரிட்டிஷ் அரசு இந்தியாவின் தலையில் கட்டிய கடனில் எது நியாயம், எது அநியாயம் என்று 1931-இல் காங்கிரஸ் போட்ட கமிட்டியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர். சட்டமறுப்பு நாட்களில் தடியடி வாங்கியவர்களுக்காகத் திருச்சபை வாய் திறக்கவில்லை என்று கல்கத்தாவில் இருந்த மெட்ராபாலிட்டன் (தலைமை) பிஷப் வெஸ்ட்காட்டுடனேயே கடிதத்தில் மோதினார். 1934 பீகார் பூகம்பத்துக்குப் பிறகு நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. காந்தியும் அவருடைய பரிவாரமும் வந்து தங்கியபோது, அவர்கள் செலவை அந்த நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். யாருக்கு இந்தப் பதில் என்று பாருங்கள்.

வெளிநாட்டு மிஷனரிகளின் பெயர்களை நம் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். குமரப்பாவைப் பற்றி நான் ஒரு பிரசங்கத்தில்கூடக் கேட்டதில்லை, தம்பி. ஐம்பது வருஷமாகக் கோயிலுக்குப் போகிறேன்.

அவர் வாழ்ந்த அந்தக் கல்லுப்பட்டி இன்று திருமங்கலம் தொகுதிக்குள் இருக்கிறது. 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்றால் என்னவென்று நாடே தெரிந்துகொண்டது. நிவாரணப் பணத்தில் காந்திக்கே சாப்பாட்டுச் செலவு எழுத மறுத்தவர் கண்மூடும் வரை இருந்த பக்கத்துக்கு, ஓட்டுக்காகக் கவருக்குள் நோட்டு வைத்துக் கொடுப்பதால் பேர் வந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. கவர் வாங்கிய கூலிக்காரரை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவர் வீட்டில் அன்றைக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சபை வாங்குவது வேறு. பரிதானம், அதாவது லஞ்சம், பார்வையுள்ளவனையும் குருடாக்கும் என்று யாத்திராகமத்தில் இருப்பதை வாசித்துவிட்டு, அதே கையால் வாங்குகிறோம்.

அப்பா எங்கள் ஊர்ச் சபைக்குப் பொருளாளராக இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார். சின்ன வயதில் ஆசிரமத்தில் குமரப்பாவைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். பேசியதில்லை.

1989 ஜனவரி, சட்டமன்றத் தேர்தலுக்குச் சில நாட்கள் இருந்தன. சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த கம்பு, சோளம், பருத்தி, பூசணிக்காய், முட்டை எல்லாம் ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் ஏலத்துக்கு வந்தன. கடைசியில் ஒரு சேவல். கருஞ்சிவப்பு, காலைப் பனைநாரில் கட்டியிருந்தது. இருபதில் ஆரம்பித்த ஏலம் முப்பத்தைந்தில் நின்றது. "ஒரு தரம், ரெண்டு தரம்" சொல்லும்போது ஜீப்பில் வந்து இறங்கிய கட்சிக்காரர் ஒருவர் கையைத் தூக்கி, "ஆயிரத்தொண்ணு" என்றார். கூட்டம் கைதட்டியது. ஆயர் "ஸ்தோத்திரம்" என்றார். போகும்போது சேவலை ஆயர் வீட்டுத் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

ராத்திரி அப்பா பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பதினாலு வயது, எதிரே படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எழுதினார். அந்தப் பக்கம்தான் இப்போது என் முன்னால் இருக்கிறது: "சேவல் 1க்கு ரூ. 35. ஓட்டுக்காக வந்தது ரூ. 966."

'விசேஷக் காணிக்கை' என்று மாற்றி எழுதச் சொல்லி ஆயர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். அம்மா காபி கொடுத்தாள். "சேவலோட விலை முப்பத்தஞ்சு ஐயா. அதுக்கு மேல உள்ளதுக்கு வேற என்ன பேர் வைக்கிறது?" என்று அப்பா கேட்டார். சத்தம் போடவில்லை. வருடாந்திரச் சபைக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது அந்த வரியையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். யாரும் பேசவில்லை. அடுத்த தேர்வில் பொருளாளர் மாறினார். அதற்கப்புறம் சாகும்வரை அப்பா கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார். ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை.

உங்கள் ஆபீஸ்காரர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் அந்த ஒரு வரிதான்.

இனி உங்கள் 'இன்னொன்று'. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. சர்டிபிகேட்டில் இந்து என்று இருப்பவர்களைப் பொய்யர்கள் என்கிறீர்கள். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வர முடியாது என்றது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். ஞானஸ்நானம் எடுத்தவனுக்கு ஊரில் சாதி போகவில்லை, தெரு மாறவில்லை, டீக்கடையில் பார்வை மாறவில்லை. சலுகையும் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் மட்டும் போய்விடும். பிள்ளையின் படிப்பையும் விசுவாசத்தையும் இரண்டு கையில் கொடுத்து ஒன்றைக் கீழே போடு என்று சட்டம் சொல்கிறது. அவர் எதையும் கீழே போடாமல் வாரம் தவறாமல் வந்து உங்கள் பக்கத்தில் உட்காருகிறார். அவரைப் பார்த்து உண்மையைப் பற்றிப் பேச உங்களுக்கு வாய் வந்திருக்கிறது. நீங்கள் 'பரம்பரைக் கிறிஸ்தவன்' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தெருவின் பரம்பரை என்று எழுதவில்லை. கேட்கவும் மாட்டேன், யோசித்துப் பாருங்கள்.

இதைச் சொல்லும்போது அப்பாவையும் விட முடியவில்லை. அதே பேரேட்டில், சேவலுக்கு நாலு பக்கம் முன்னால், குழி வெட்டுக் கூலி எழுதிய பக்கம் இருக்கிறது. ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டு இரண்டு பத்தி: 'மேலக் கல்லறை', 'கீழக் கல்லறை'. நடுவில் இடுப்பு உயரச் சுவர். கிழக்குத் தெருக்காரர்கள் செத்தால் சுவருக்கு அந்தப் பக்கம். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார், தத்துவ போதகர் நொபிலி, ஏற்கெனவே இருந்த பரதவர் கிறிஸ்தவர்களின் கோயிலை விட்டு விலகித் தனிக் கோயில் கட்டிய நாளிலிருந்து நாம் விடாத பழக்கம் இது. உத்தப்புரத்தில் தலித் தெருவைப் பிரித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே மாதம் இடித்தபோது ஊரே டிவியில் பார்த்தது. அப்பாவும் பார்த்தார், "நல்ல காரியம்" என்றார். எங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவர் எந்த டிவியிலும் வரவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு தடவை கேட்டேன், ஏன் இரண்டு பத்தி என்று. "உள்ளதைத்தானே எழுத முடியும்" என்றார். 966 ரூபாய்க்காக ஆயரையும் சபையையும் எதிர்த்து நின்றவர், இந்தச் சுவருக்காக ஒரு கூட்டத்திலும் எழுந்து நிற்கவில்லை. அவ்வளவு நேர்மையான கையெழுத்தில் இருபது வருஷம் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். போன வாரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

விலகுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், தம்பி. உங்கள் சபையின் வருடாந்திரக் கூட்டத்துக்குப் போங்கள். அந்த ஒரு லட்சத்தை என்ன பெயரில் வரவு வைத்திருக்கிறார்கள் என்று எழுந்து கேளுங்கள். அது கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கான பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். உட்காருவதற்கு முன்னால், அந்தச் சுவர் யாருடைய கல்லறைகளைச் சுற்றி வருகிறது, யாருடையதை வெளியே விடுகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதுவரை பேரேடு என் மேசையிலேயே இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்