விட்டால் சுற்றுகிறது, குறைத்தால் முக்குகிறது: அதிக பவர் மேனுவல் காரை டிராக் ஸ்ட்ரிப்பில் கிளப்புவது எப்படி?

கேள்வி: என் கார் சுமார் 500 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், 6 கியர் மேனுவல். சாதாரண சாலை டயர்தான். டிராக் ஸ்ட்ரிப்பில் (கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத் தடம்) 4,000 ஆர்பிஎம்மில் கிளட்சை விட்டால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. 2,000-க்குக் குறைத்தால் வண்டி முக்கித் திணறுகிறது. முதல் 60 அடி 2.4 வினாடிக்குக் கீழே வரவே இல்லை. எந்த ஆர்பிஎம்மில் விட வேண்டும்? கிளட்ச் வாசனையும் வருகிறது, மாற்றிவிடலாமா?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு முறை வரும் சொல் ‘விட’. சிக்கலும் அதில்தான் இருக்கிறது. கிளட்சை ஒரேயடியாக விடுகிறீர்கள். அப்படி விட்டால் இந்த டயருக்குப் பொருந்தும் ஆர்பிஎம் எதுவுமே கிடைக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் கியர் விகிதம் 2.66, டிஃபரன்ஷியல் (பின் ஆக்ஸிலில் இருக்கும் கடைசி கியர்) விகிதம் 3.73 என்று வைத்துக்கொண்டால், இன்ஜின் கிட்டத்தட்ட 10 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 4,000 ஆர்பிஎம்மில் சக்கரம் நிமிடத்துக்கு 400 சுற்று. டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஆக, கிளட்ச் முழுதாகப் பிடித்துவிட்டால் டயர் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடியாக வேண்டும். வண்டியோ அசையாமல் நிற்கிறது. இந்த வித்தியாசத்தை எங்கேயாவது ஒன்று வழுக்கித்தான் சரிக்கட்ட முடியும். டயர் வழுக்கலாம், கிளட்ச் வழுக்கலாம். இரண்டும் வழுக்காவிட்டால் அந்த அடி முழுவதும் ஆக்ஸில், டிஃபரன்ஷியல் பற்கள் மேல் விழும்.

4,000-இல் உங்கள் டயர் வழுக்குகிறது. 2,000-இல் டயர் பிடித்துக்கொள்கிறது, ஆனால் நிற்கும் வண்டி இன்ஜினை 1,000-க்கு அருகே இழுத்து இறக்கிவிடுகிறது. அங்கே டார்க் (முறுக்குவிசை) இல்லை. டர்போ இன்ஜினாக இருந்தால் பூஸ்ட்டும் போய்விடும். இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றே: வழுக்க வேண்டிய கிளட்ச் வழுக்கவில்லை.

இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் மறக்க வேண்டாம். அதில் சேரும் ஆற்றல் ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். 3,500-இல் இருப்பதைப் போல இரண்டு மடங்கு ஆற்றல் 5,000-இல் இருக்கும். அதனால்தான் ‘இன்னும் 500 ஏற்றிப் பார்ப்போம்’ என்று கூட்டும்போது டயர் திடீரென்று மோசமாகிறது.

இனி கால் வேலை. சீட்டை ஒரு படி முன்னே தள்ளுங்கள். இடது குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பெடலைக் கணுக்காலால் இயக்குங்கள். காலை முழுதாகத் தூக்கி இயக்கினால், கிளட்ச் கடிக்கும் அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நிதானம் கிடைக்காது. தொடக்கக் கோட்டில் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஐடிலில் பெடலை மெல்ல உயர்த்தி, வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கியர் பற்களுக்கும் ஷாஃப்ட் ஜாயின்ட்களுக்கும் இடையிலான தளர்ச்சி அங்கே இறுகிவிடும். அந்த இடத்தைக் காலுக்குப் பழக்கிவிட்டு, பெடலை ஒரு மயிரிழை கீழே வைத்திருங்கள். அங்கேயே உரசிக்கொண்டு நின்றால் ஓட்டம் தொடங்கும் முன்பே கிளட்ச் சூடேறிவிடும்.

சாலை டயருக்கு 2,500 ஆர்பிஎம்மில் தொடங்குங்கள். ஹேண்ட்பிரேக்கை விடும் அதே நொடியில் பெடலைக் கடிக்கும் இடத்துக்கு வேகமாகக் கொண்டுவந்து, அங்கே நிறுத்துங்கள். வண்டி நகரும், ஆர்பிஎம் மீட்டர் 2,500-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். அது விழுந்தால் வலது காலைக் கொஞ்சம் கூட்டுங்கள், எகிறினால் குறையுங்கள். மணிக்கு 30 கி.மீ.யைத் தொடும்போது இன்ஜினும் சக்கரமும் ஒரே வேகத்துக்கு வந்திருக்கும், அப்போது பெடலை முழுதாக விடலாம். நன்றாக அமைந்தால் இதற்கு ஒரு வினாடிக்குச் சற்று மேல் பிடிக்கும், வண்டி நாலைந்து மீட்டர் போயிருக்கும். கேட்கச் சின்ன விஷயம்தான். பெரும்பாலானவர்கள் கால் வினாடியிலேயே பெடலை விட்டுவிடுகிறார்கள்.

கிளட்ச் முழுதாகப் பிடித்த பிறகும் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்க முடியாது. 600 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள இன்ஜின், முதல் கியரில் இழப்பு போக டயர் விளிம்பில் சுமார் 15,000 நியூட்டன் தள்ளும். 1,600 கிலோ காரில் கிளம்பும்போது பின் ஆக்ஸிலில் ஏறும் எடை 1,000 கிலோ அளவுதான். சாலை டயரால் அதைக் கொண்டு 11,000 நியூட்டனைத் தாங்கினாலே பெரிது. மீதியை உங்கள் வலது கால் அடக்க வேண்டும். இரண்டாம் கியருக்குப் போனதும் பெரும்பாலும் முழுதாக மிதிக்கலாம்.

டயரைப் பார்ப்போம். பின்பக்கக் காற்றை 26 பிஎஸ்ஐக்கு இறக்கி ஆரம்பியுங்கள். டயரின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சில மீட்டர் நேராக உருட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்கள் மட்டும் அழிந்தால் குறைவு. இப்படி 1 பிஎஸ்ஐயாக மாற்றுங்கள். சாலைக்குத் திரும்பும் முன் பழைய அளவுக்கு நிரப்பிவிட வேண்டும். பர்ன்அவுட் பகுதியில் (டயரைச் சுற்றவிட்டுச் சூடேற்றும் இடம்) தேங்கியிருக்கும் தண்ணீருக்குள் சாலை டயருடன் இறங்காதீர்கள். பள்ளங்களில் ஏறிய தண்ணீர் சொட்டிக்கொண்டே கோடுவரை வரும். சுற்றிப் போய், ஒட்டிய கல், தூசி உதிரும் அளவுக்கு ஒரு சின்னச் சுற்று சுற்றினால் போதும்.

டிராக் ரேடியல் (இந்தப் பந்தயத்துக்கென்றே வரும், நன்றாக ஒட்டும் ரேடியல் டயர்) வாங்கினால் நிலைமை நிறைய மாறும்: 16 முதல் 20 பிஎஸ்ஐ, 3,500 முதல் 4,500 ஆர்பிஎம். ஆனால் அதன் பக்கச் சுவர் விறைப்பானது. ஒருமுறை வழுக்கிவிட்டால் மீண்டும் பிடிக்காது, அதனால் கிளட்சை வழுக்கவிடும் பழக்கம் அதற்கு இன்னும் அவசியம். பள்ளங்களே இல்லாத ஸ்லிக் பந்தய டயர்தான் சுருங்கி விரிந்து அடியை வாங்கும். கிளட்சை ஒரேயடியாக விடும் முறை அதற்குரியது. அதை மற்ற டயர்களில் செய்துபார்த்து ஆக்ஸில் உடைத்தவர்கள் ஏராளம்.

பின்சக்கரம் தடதடவென்று குதித்தால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஷாஃப்ட்கள் உடைவது பெரும்பாலும் அந்தக் குதிப்பில்தான். தேய்ந்த புஷ்களையும் டிஃபரன்ஷியல் மவுன்ட்களையும் முதலில் பாருங்கள்.

வாசனைக்காக மட்டும் கிளட்சை மாற்ற வேண்டாம். நன்றாக ஆறிய பிறகு, டிராக்கிலேயே நாலாம் கியரில் 2,500-இலிருந்து முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் அதன் காலம் முடிந்தது. சீராக ஏறினால் ஓட்டத்துக்கு ஓட்டம் அரை மணி நேரம் ஆறவிட்டால் போதும். பெடல் மெத்தென்று ஆனாலோ, கீழேயே ஒட்டிக்கொண்டாலோ, கிளட்ச் ஆயில் கொதித்திருக்கலாம். அதைப் புதிதாக மாற்றுங்கள். சில கார்களில் பெடல் எழும் வேகத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று கிளட்ச் லைனில் இருக்கும். அது இருக்கும்வரை காலுக்கும் கிளட்சுக்கும் நேரடித் தொடர்பு இருக்காது.

புதிய கிளட்ச் போட்டால் முதல் 800 கி.மீ. சாதாரணமாக ஓட்டுங்கள். நல்ல டயருடன் இந்தக் கார் கால் மைலை 11 வினாடிச் சொச்சத்தில் ஓடக்கூடியது. அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிப்படி கால் மைலை 11.49 அல்லது அதைவிட வேகமாக ஓடும் கிளட்ச் வண்டிகளுக்கு எஸ்எஃப்ஐ பாதுகாப்புச் சான்றுள்ள ஃப்ளைவீல், கிளட்ச், அவற்றைச் சுற்றிய கவசம் கட்டாயம். வெடித்த ஃப்ளைவீல் தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கால்களுக்குத்தான் வரும். உங்கள் டிராக் கேட்காவிட்டாலும் போடுங்கள்.

பச்சை விளக்குக்காக அவசரப்பட வேண்டாம். முன்சக்கரம் தொடக்கக் கோட்டில் குறுக்கே பாயும் ஒளிக்கதிரை விட்டு விலகிய பிறகுதான் கடிகாரம் ஓடும். தாமதம் உங்கள் ஓட்ட நேரத்தில் சேராது. வண்டி கோட்டில் சரியாக நிற்பதைக் காட்டும் இரண்டு விளக்குகளில் இரண்டாவது எரியத் தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆர்பிஎம், காற்று, 60 அடி நேரம் மூன்றையும் எழுதி, அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆர்பிஎம் என்றால் 200-க்கு மேல் வேண்டாம். இதே சாலை டயரில் 2.1 வரை இறங்க முடியும்.